குழந்தையின் எக்ஸ்ரேயில் 'ஏதோ இருக்கு' என்றால்: பயாப்சிக்கு முன் செய்ய வேண்டியவை

வியாசர்பாடியில் பந்தாடிவிட்டு முட்டி வீங்கி வரும் பையனுக்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். எலும்பு முறியவில்லை. ஆனால் முட்டிக்கு மேலே, தொடை எலும்பின் ஓரத்தில் ஒரு கறுப்புத் திட்டு. ரிப்போர்ட்டில் 'லைட்டிக் லீஷன்' என்று போட்டிருக்கிறது. டாக்டரைப் பார்ப்பதற்குள் அம்மா அந்தச் சொல்லை போனில் தேடிவிடுகிறார். அன்று இரவு வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

'லீஷன்' என்றால் வழக்கத்துக்கு மாறான ஓர் இடம், அவ்வளவுதான். 'லைட்டிக்' என்றால் அந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்து, படத்தில் கறுப்பாகத் தெரிகிறது. இரண்டு சொல்லிலும் கேன்சர் இல்லை. வளரும் பிள்ளைகளின் எலும்பில் தற்செயலாகத் தென்படும் திட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தொந்தரவில்லாதவை. ஆனால் அதே வயதில், அதே முட்டிப் பக்கத்தில்தான் ஆஸ்டியோசார்கோமா என்ற நிஜமான எலும்புப் புற்றுநோயும் வருகிறது. அதனால் பதறவும் கூடாது, கிடப்பில் போடவும் கூடாது. எதை முதலில் செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது என்ற வரிசை தெரிந்திருந்தால் போதும்.

படத்தை முதலில் சரியாக வாங்குங்கள்

போனில் பிடித்த எக்ஸ்ரே போட்டோவை வைத்து யாரும் முடிவு சொல்லக் கூடாது, நீங்களும் கேட்காதீர்கள். திட்டின் ஓரம் எப்படி இருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது; போட்டோவில் முதலில் அழிவது அந்த ஓரம்தான். ஃபிலிமோடு சேர்த்து சி.டி.யும் கேட்டு வாங்குங்கள். முன்பக்கம், பக்கவாட்டு என்று இரண்டு கோணத்தில் படம் வேண்டும். பக்கத்து மூட்டு அதில் தெரிய வேண்டும். வலது, இடது குறியும் தேதியும் இருக்கிறதா என்று கவுன்டரிலேயே பார்த்துவிடுங்கள். ஃபிலிமை வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் வைக்காதீர்கள், சூட்டில் கறுத்துவிடும்.

படம் எடுக்கும் முன் அரைஞாண், தாயத்து, கொலுசு எல்லாவற்றையும் கழற்றுங்கள். மூலிகைப் பற்று போட்டிருந்தால் நன்றாகக் கழுவித் துடைத்த பிறகே எடுக்க வேண்டும். பற்றில் உலோகச் சத்து இருந்தால் அதன் நிழல் எலும்பின் மேல் விழுந்து, இல்லாத சந்தேகத்தைக் கிளப்பும்.

இன்னொரு மடங்கு நேரம் செலவழித்தாவது செய்ய வேண்டியது: பழைய எக்ஸ்ரேயைத் தேடுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் மாடிப்படியில் விழுந்தபோது எடுத்த படம் பீரோவில் இருக்கலாம். அதே திட்டு அப்போதும் அதே அளவில் இருந்திருந்தால், அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. கை, கால் எக்ஸ்ரேயில் படும் கதிர்வீச்சு, ஒரு நாளில் சுற்றுப்புறத்திலிருந்து இயற்கையாகவே நம் மேல் படுவதைவிடக் குறைவு. 'திரும்ப எடுக்கலாமா' என்று டாக்டர் கேட்டால் அதற்காகத் தயங்க வேண்டாம்.

முட்டி வலி என்று வரும் குழந்தைக்கு முட்டிப் படம் சுத்தமாக இருந்தால், இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டின் வலி முட்டியில் தெரிவது குழந்தைகளிடம் சகஜம். முட்டியை மட்டும் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிட்டு, நோய் மேலே இருப்பது தவறிப்போவதுண்டு.

டாக்டர் படத்தில் எதைப் பார்க்கிறார்

முதலில் கரை. வாசல் கோலத்தைச் சுற்றிக் காவி கட்டுவது போல, கறுப்புத் திட்டைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுகிறதா? அப்படி இருந்தால், உள்ளே இருப்பது மெதுவாக வளர்கிறது, எலும்புக்குச் சுற்றிலும் சுவர் எழுப்ப அவகாசம் கிடைத்திருக்கிறது என்று பொருள். ரிப்போர்ட்டில் 'ஸ்கிளிரோட்டிக் ரிம்', 'நேரோ சோன் ஆஃப் ட்ரான்சிஷன்' என்று வருவது இதைத்தான். இவை ஆறுதலான சொற்கள். கரையான் அரித்த பலகை போல, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாமல் இருந்தால் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

அடுத்தது எலும்பின் மேல் சவ்வு. உள்ளே ஏதோ வேகமாக வளரும்போது சவ்வு விலகி, புது எலும்பைப் போடுகிறது. வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காகவோ, சூரியக் கதிர் போலக் குத்திட்டோ இருந்தால் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆனால் சீழ் பிடித்த எலும்பும், ஆறிக்கொண்டிருக்கும் மெல்லிய விரிசலும் கூடச் சவ்வைத் தூண்டும். அதனால் 'பெரியாஸ்டியல் ரியாக்‌ஷன்' என்ற சொல்லை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். எலும்பின் புறச்சுவர் உடைந்திருக்கிறதா, பக்கத்துச் சதையில் கட்டி தெரிகிறதா என்பதையும் சேர்த்தே பார்ப்பார்கள். குழந்தையின் வயதும், எலும்பில் எந்த இடம் என்பதும் பாதிப் பதிலைச் சொல்லிவிடும்.

அடிக்கடி பயமுறுத்துபவை

மேலே சொன்ன பந்தாட்டப் பையனுக்குப் பெரும்பாலும் இருப்பது 'நான்-ஆஸிஃபையிங் ஃபைப்ரோமா', அதாவது எலும்பாக மாறாத நார்த்திசுத் திட்டு. தொடை எலும்பின் கீழ் முனையிலோ, முட்டிக்குக் கீழே உள்ள கால் எலும்பின் (டிபியா) இரு முனைப் பக்கத்திலோ, நடுவில் இல்லாமல் ஓரத்தை ஒட்டி, சோப்பு நுரைக் குமிழ்கள் சேர்ந்தாற்போல இருக்கும். சுற்றிலும் அந்த வெள்ளைக் கரை. வலிக்காது. வளரும் பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இது ஏதோ ஒரு கட்டத்தில் இருக்கலாம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இருபதுகளில் தானாகவே எலும்பு நிரம்பி மறைந்துவிடும். சிறியதாக இருந்தால் பயாப்சியும் (ஒரு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம், விளையாட்டை நிறுத்தவும் வேண்டாம். எலும்பின் குறுக்களவில் பாதிக்கு மேல் பிடித்திருந்தால் அந்த இடத்தில் முறியும் வாய்ப்பு உண்டு. அப்போதுதான் ஆறு மாதத்துக்கு ஒரு படமும், விளையாட்டில் கட்டுப்பாடும்.

அதன் பக்கத்திலேயே, தொடை எலும்பின் கீழ்முனையில் பின்பக்கமாக உள்வாட்டில், சதை வந்து ஒட்டும் இடத்தில் ஒரு சொரசொரப்பு வருவதுண்டு. பெயர் கார்ட்டிகல் டெஸ்மாய்டு. பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள், சதை இழுப்பதால் வருவது. இதைக் குத்தி எடுத்துப் பார்த்தால் நுண்ணோக்கியிலும் ஆஸ்டியோசார்கோமா போலத் தோன்றி ஏமாற்றும். அதனால் இடம் இதுதான் என்று உறுதியானால் தொடவே கூடாது. தேவையில்லாத பயாப்சி கெடுதல் செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

புத்தகப் பையைத் தூக்கும்போதோ பந்தை எறியும்போதோ தோளுக்குக் கீழே எலும்பு 'டப்'பென்று முறிந்தால், பெரும்பாலும் அங்கே ஏற்கெனவே நீர் நிறைந்த சாதாரண எலும்புச் சிஸ்ட் இருந்திருக்கும். முறிந்த சுவரின் துண்டு ஒன்று உள்ளே உதிர்ந்து, சிஸ்ட்டின் அடியில் சருகு போலக் கிடப்பது படத்தில் தெரிந்தால், உள்ளே இருப்பது திரவம் என்று உறுதியாகிவிடும். கைத்தொட்டில் போட்டு முறிவு கூடியபின் சிஸ்ட்டுக்கு என்ன செய்வது என்று யோசிக்கலாம். அனியூரிஸ்மல் சிஸ்ட் என்ற இன்னொரு வகை வேறு. ரத்தம் நிறைந்து வேகமாக உப்பும்; எம்.ஆர்.ஐ.யில் தண்ணீர்மட்டம் போல அடுக்குக் கோடுகள் தெரியும். ஒரு வகை ஆஸ்டியோசார்கோமாவும் இதே வேஷத்தில் வரும். இதற்குப் பயாப்சி இல்லாமல் சிகிச்சை தொடங்கக் கூடாது.

முட்டிப் பக்கத்தில் கையில் தட்டுப்படும் கெட்டி முண்டு, வலியில்லாமல், குழந்தை உயரும்போது அதுவும் சேர்ந்து வளர்வது ஆஸ்டியோகாண்ட்ரோமா. மூட்டுக்கு எதிர்த்திசையில் நீட்டிக்கொண்டிருக்கும். வளர்ச்சி நின்றதும் இதுவும் நின்றுவிட வேண்டும். பெரியவரான பிறகும் பெரிதானால் திரும்பக் காட்டுங்கள். பத்து முதல் பதினான்கு வயதுக்குள் முட்டிக்குக் கீழே முன்பக்கம் வீங்கி, ஓடினால், மண்டியிட்டால் வலித்தால் அது ஆஸ்குட் ஷ்லாட்டராக இருக்கும். விளையாட்டைக் கொஞ்சம் குறைத்தால் அடங்கும்.

இரவில் எழுப்பும் வலி, இபுப்ரோஃபென் கொடுத்த அரை மணியில் போய்விடுகிறது, பகலில் குழந்தை ஓடியாடுகிறது என்றால் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமாவை நினைக்க வேண்டும். ஒன்றரை சென்டிமீட்டருக்கும் சிறிய புள்ளி. சாதாரணப் படத்தில் தெரியாமலும் போகும், சி.டி. ஸ்கேனில் பிடிபடும். ஊசி வழியாகச் சூடேற்றி அழித்தால் வலி போய்விடும். வலிக்கு ஆஸ்பிரின் மட்டும் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். வைரஸ் காய்ச்சலோடு சேர்ந்தால் மூளையையும் ஈரலையும் பாதிக்கும் ரெய் நோய் வரும் ஆபத்து இருக்கிறது.

மண்டையோட்டில் பஞ்ச் போட்டது போல ஓட்டை, அல்லது முதுகெலும்பில் ஒன்று அப்பளமாகச் சப்பிக் கிடப்பது: லாங்கர்ஹான்ஸ் செல் நோயில் (ஒருவகை வெள்ளணுக்கள் பெருகி எலும்பை அரிப்பது) பார்க்கலாம். இதற்குப் பயாப்சி பெரும்பாலும் தேவை, எந்தெந்த எலும்பில் இருக்கிறது என்ற தேடலும் தேவை. எலும்பு காசநோயும் நம் ஊரில் நினைவில் இருக்க வேண்டியது. இருமலே இல்லாமல் எலும்பில் மட்டும் வரலாம். விரல் எலும்பு உப்பிப்போவது அதன் ஒரு வடிவம்.

வழித்துவிடுவது, கட்டுப் போடுவது

அடிபட்டால் முதலில் சுளுக்கு எடுப்பவரிடமோ புத்தூர் கட்டுக்கோ போகும் வழக்கம் நம் பக்கத்தில் ஆழமாக இருக்கிறது. அதைப் பழிக்க இதை எழுதவில்லை. ஆனால் படம் எடுக்காமல் எண்ணெய் போட்டு அழுத்தி வழிக்கக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்க முடியாது. அடிபட்ட சதையைத் திரும்பத் திரும்ப அழுத்தி உருவினால், சதைக்குள்ளேயே எலும்பு முளைக்கும்; மயோசைட்டிஸ் ஆஸிஃபிக்கன்ஸ். முழங்கையிலும் தொடையிலும் அதிகம். மூன்று நான்கு வாரத்தில் எக்ஸ்ரேயில் வெள்ளைப் பூச்சு தெரியும். பார்ப்பவருக்குக் கட்டி என்ற சந்தேகம் வரும். அந்தச் சமயத்தில் பயாப்சி எடுத்தால், இளசான செல்கள் புற்றுநோய் போலவே இருக்கும்.

இதைப் பிரித்தறிய ஓர் அடையாளம் உண்டு. மயோசைட்டிஸில் முட்டை ஓடு மாதிரி வெளிப்பக்கம் முதலில் கெட்டியாகும், நடு இளசாக இருக்கும். புற்றுக்கட்டியில் நடுப்பகுதிதான் அடர்த்தி. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஓடு தெளிவாகிவிடும். எனவே வழிப்பது உட்பட எல்லாவற்றையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; எந்தத் தேதியில் அடி, எத்தனை தடவை வழித்தது என்பது வரை. திட்டுவார்கள் என்று அஞ்சி மறைப்பதால் வரும் குழப்பம் பெரிது.

உள்ளே இருப்பது நிஜமான கட்டி என்றாலோ, வழித்து வழித்து வாரங்கள் வீணாகும். 'விழுந்ததால் வந்த வீக்கம்' என்ற விளக்கம் பல நேரம் தவறு. விழுந்தது கட்டியை உண்டாக்காது, அங்கே இருப்பதைக் கவனிக்க வைக்கும்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படிக்கும்போது

சி.பி.சி. (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), பெரிஃபெரல் ஸ்மியர் (ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது), இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. (இரண்டும் உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுபவை), ஆல்கலைன் ஃபாஸ்ஃபட்டேஸ், எல்.டி.ஹெச். (இரண்டும் நொதிகள்). இவ்வளவும் கேட்பார்கள். ஸ்மியரைத் தவிர்க்காதீர்கள். ரத்தப் புற்றுநோய் சில குழந்தைகளிடம் கால் வலியாகத்தான் தொடங்குகிறது. காரணம் தெரியாத மூட்டு வலிக்கு, ஸ்மியர் பார்க்காமல் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் தற்காலிகமாகக் குறைந்து நோயை மறைத்துவிடும்.

ஆல்கலைன் ஃபாஸ்ஃபட்டேஸ் பக்கத்தில் 'ஹை' என்று தடித்த எழுத்தில் வந்தால் பதறாதீர்கள். வளரும் எலும்பு இந்த நொதியை அதிகமாகச் சுரக்கும். 300க்கு மேல் இருப்பது பிள்ளைகளுக்கு வழக்கம். பல லேப்களின் சீட்டில் பெரியவர்களுக்கான அளவே அச்சாகியிருக்கும். குழந்தையின் வயதுக்கான அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

எம்.ஆர்.ஐ.

எக்ஸ்ரேக்கு முன் எம்.ஆர்.ஐ. வேண்டாம். எக்ஸ்ரே இல்லாமல் எம்.ஆர்.ஐ.யை மட்டும் படித்தால் சாதாரணமானதும் பயங்கரமாகத் தெரியும். மெல்லிய விரிசல், ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா, சீழ், லாங்கர்ஹான்ஸ் எல்லாமே சுற்றிலும் நீர் கோத்த மாதிரி பரவலாக வெளுத்துக் காட்டும். ரிப்போர்ட்டில் 'அக்ரெசிவ்' (வேகமாகப் பரவுவது) என்ற சொல் வந்துவிடும். ஸ்கேன் எடுக்கும்போது எக்ஸ்ரே ஃபிலிமைக் கையில் கொண்டுபோய், ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் பார்வைக்குப் போக வேண்டும் என்று கேளுங்கள்.

அசையாமல் அரை மணி படுக்க முடியாத சிறு குழந்தைக்கு மயக்க மருந்து தேவைப்படும். திட உணவும் பாலும் ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், தாய்ப்பால் நான்கு மணி, வெறும் தண்ணீர் இரண்டு மணி. பசியில் அழுகிறதே என்று பாட்டி ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டால் அன்றைய முறை போய்விடும்.

பயாப்சி எடுத்தே ஆக வேண்டும் என்றால்

கட்டி புற்றாக இருந்தால் கடைசி அறுவைசிகிச்சை எங்கே நடக்குமோ, அங்கேதான் பயாப்சியும் எடுக்க வேண்டும். ஊசி போன பாதையில் புற்றுச் செல்கள் சிந்தலாம். அந்தப் பாதையையும் சேர்த்து அகற்றும்படி, பிறகு வெட்டப்போகும் கோட்டிலேயே ஊசி இறங்க வேண்டும். திறந்து எடுத்தால் கீறல் கை காலின் நீளவாக்கில் இருக்க வேண்டும். குறுக்கே கீறினால், காலைக் காப்பாற்றும் ஆபரேஷனுக்கு இடமில்லாமல் போய்விடும். 1982இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹென்றி மேன்கினும் உடன் ஆய்வாளர்களும் 329 நோயாளிகளைப் பார்த்து எழுதியபோதே, சிகிச்சை தரும் மையத்துக்கு வெளியே எடுத்த பயாப்சிகளில் சிக்கல்கள் பல மடங்கு அதிகம் என்று காட்டினார்கள். 'இங்கேயே ஒரு பீஸ் எடுத்துப் பார்த்துவிடலாம்' என்று யாராவது சொன்னால், 'கேன்சர் என்றால் முழு சிகிச்சையும் இங்கேயே நடக்குமா?' என்று கேளுங்கள். இல்லை என்றால் எடுக்க வேண்டாம். எம்.ஆர்.ஐ.யும் பயாப்சிக்கு முன்னால் முடிய வேண்டும். பிறகு எடுத்தால் ரத்தக்கசிவு படத்தைக் குழப்பும்.

எடுத்த சதையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்கு ஃபார்மலினில், பேதாலஜிக்கு. இன்னொரு பங்கு ஃபார்மலின் படாமல் சலைனில், கல்ச்சருக்கும் காசநோய்க்கான சிபிநாட் பரிசோதனைக்கும். மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமியைத் தேட வழியில்லை. இது தவறிப்போகும் இடம் என்பதால் தியேட்டருக்குப் போகும் முன்பே டாக்டரிடம் ஞாபகப்படுத்துங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எலும்பை மெல்லிசாக அறுக்க முதலில் அமிலத்தில் ஊறவைத்து மிருதுவாக்க வேண்டியிருப்பதால், மற்ற பயாப்சியைவிட ரிப்போர்ட் தாமதமாகும். ரிப்போர்ட் வந்ததும் ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு இடத்தில் இரண்டாவது கருத்துக் கேட்க அவை போதும், மறுபடி குத்த வேண்டாம்.

திட்டு இருக்கும் இடத்தில் எலும்பு முறிந்து வந்தால், அது என்னவென்று தெரிவதற்கு முன் உள்ளே கம்பி போடச் சம்மதிக்காதீர்கள். அது புற்றாக இருந்தால் கம்பியோடு சேர்ந்து எலும்பு முழுக்கப் பரவும். மாவுக்கட்டில் வைத்துக்கொண்டே முடிவு தெரியும்வரை காத்திருக்கலாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது

ஓய்விலும் இரவிலும் ஒரே இடத்தில் வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடிப்பது, வாரத்துக்கு வாரம் பெரிதாகும் வீக்கம், அடிபடாமலே நொண்டுவது, காய்ச்சலோடு எலும்பு வலி, முகம் வெளுப்பது, காரணமில்லாத ரத்தக்கட்டு, உடல் இளைப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரத்துக்குள் காட்டுங்கள். 'வளருகிற வலி' இப்படி இருக்காது. அது இரண்டு காலிலும், சதையில், சாயங்காலமோ இரவிலோ வரும். காலையில் குழந்தை சாதாரணமாக ஓடும். ஒரே காலில், ஒரே புள்ளியில் விரல் வைத்துக் காட்டும் வலியை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் எக்ஸ்ரே சரியாக இருந்தும் வலி போகவில்லை என்றால் இரண்டு வாரத்தில் மறுபடி எடுங்கள். மெல்லிய விரிசலும் சீழும் தொடக்கத்தில் படத்தில் தெரியாது.

சென்னையில் ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் எலும்பு டாக்டரும் ரேடியாலஜியும் ஒரே வளாகத்தில் கிடைக்கும். பன்னிரண்டு வயதுக்குள் என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரலில் இறங்கிப் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே எழும்பூர். புற்று என்ற சந்தேகம் வலுத்தால் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி ஜி.எச்., அல்லது அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றின் நகலும் முதல் நாளே ஃபைலில் இருக்கட்டும். எங்கே போவது என்று தெரியாமல் நின்றால் அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104க்குப் போன் செய்யுங்கள்.

'பார்த்துக்கொண்டிருக்கலாம்' என்று டாக்டர் சொன்னால், எத்தனை மாதம் கழித்து, எந்த எலும்பு, எந்தக் கோணம் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். அடுத்த படம் அதே கோணத்தில் இருந்தால்தான் அளந்து ஒப்பிட முடியும். பழைய படங்களைத் தேதி வரிசையில் அதே ஃபைலில் வைத்து, ஒவ்வொரு முறையும் முழு ஃபைலையும் எடுத்துப் போங்கள்.